பாதுகாப்புச் செலவு ஒப்பந்தம் (1939)

பாதுகாப்புச் செலவு ஒப்பந்தம் என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியப் படைகளுக்கும், இந்தியாவில் கொள்முதல் செய்யப்பட்ட போர்ப் பொருட்களுக்கும் ஆன செலவை இந்திய அரசும் பிரித்தானிய அரசும் பகிர்ந்து கொள்வது குறித்து 1939 ஆம் ஆண்டு நவம்பரில் செய்து கொள்ளப்பட்ட நிதி ஏற்பாடு ஆகும். இது அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்தது. இந்தியாவின் சொந்தப் பாதுகாப்புக்கான செலவை இந்தியாவும், அதற்கு மேற்பட்ட செலவைப் பிரித்தானியாவும் ஏற்க வேண்டும் என்பது இதன் சாரம். ஆனால் பிரித்தானியா தன் பங்கைப் பொன்னாகவோ பொருளாகவோ உடனடியாகச் செலுத்தவில்லை. இலண்டனில் இந்தியாவின் கணக்கில் பவுண்டுகளாக வரவு வைத்தது. இவ்வாறு சேர்ந்த தொகையே ஸ்டெர்லிங் இருப்பு என அறியப்படுகிறது. போர் முடிந்தபோது இது ஏறத்தாழ 130 கோடி பவுண்டாக, அதாவது சுமார் 1,700 கோடி ரூபாயாக இருந்தது. போருக்கு முன் பிரித்தானியாவிடம் கடன்பட்டிருந்த இந்தியா, போரின் முடிவில் அதற்குக் கடன் கொடுத்த நாடாக மாறியது.

பெயரும் தன்மையும்

ஒப்பந்தம் என்று அழைக்கப்பட்டாலும், இது இரு சுதந்திர நாடுகளுக்கு இடையில் கையெழுத்தான உடன்படிக்கை அன்று. ஒரு புறம் இலண்டனில் இருந்த பிரித்தானிய அமைச்சரவை. மறுபுறம் அந்த அமைச்சரவைக்குப் பொறுப்பான வைசிராயின் அரசு. அப்போது இந்திய அரசின் நிதி உறுப்பினராக இருந்தவரும் ஆங்கிலேயரான ஜெரமி ரெய்ஸ்மன் ஆவார். இந்தியச் சட்டமன்றத்தின் ஒப்புதல் கேட்கப்படவில்லை. 1940 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தின்போது உறுப்பினர்களுக்கு இதன் விவரங்கள் அறிவிக்கப்பட்டன.

இருந்தபோதிலும் சட்ட நோக்கில் இந்தியாவின் கருவூலம் பிரித்தானியக் கருவூலத்தில் இருந்து வேறானது. இந்தியா 1919 ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கையிலும், 1942 சனவரி 1 இல் வெளியான ஐக்கிய நாடுகள் பிரகடனத்திலும் தனிப்பெயரில் கையெழுத்திட்டிருந்தது. எனவே நேச நாடு ஒன்றின் போருக்கு இன்னொரு நாட்டின் அரசு பணம் முடக்கிய நிகழ்வுகளுள் இதுவும் ஒன்றாக வைத்து எண்ணப்படுகிறது. பணம் கொடுத்த நாடு, கொடுக்கலாமா வேண்டாமா என்று தானே முடிவு செய்யும் நிலையில் இருக்கவில்லை என்பதே பிற நிகழ்வுகளில் இருந்து இதனை வேறுபடுத்துகிறது.

முன்வரலாறு

இந்திய வருவாயைப் பிரித்தானியாவின் போர்களுக்குச் செலவிடலாமா என்னும் வழக்கு 19 ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கி விட்டது. 1858 ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம், படையெடுப்பைத் தடுப்பதற்கு அல்லாமல் வேறு எதற்கும் இந்திய வருவாயை எல்லைக்கு வெளியே நடக்கும் படை நடவடிக்கைகளுக்குப் பயன்படுத்த நாடாளுமன்றத்தின் இரு அவைகளின் ஒப்புதல் தேவை என விதித்தது. ஒப்புதல் பெறுவது கடினமாக இருக்கவில்லை. அபிசீனியா (1867-68), எகிப்து (1882), சூடான் (1885) ஆகிய படையெடுப்புகளின் செலவில் ஒரு பகுதி இந்திய வரி செலுத்துவோரின் மேல் விழுந்தது. இதைத் தாதாபாய் நௌரோஜி தொடர்ந்து கண்டித்து வந்தார். 1895 இல் அமைக்கப்பட்ட வெல்பி ஆணையத்தில் அவரும் ஓர் உறுப்பினர்.

முதல் உலகப் போர் தொடங்கியபோது, வெளிநாடு செல்லும் இந்தியப் படைகளின் வழக்கமான செலவை இந்தியாவும், கூடுதல் செலவைப் பிரித்தானியாவும் ஏற்கும் என நாடாளுமன்றம் 1914 செப்டம்பரில் தீர்மானித்தது. அதோடு நிற்காமல் 1917 ஆம் ஆண்டில் இந்திய அரசு 10 கோடி பவுண்டுகளைப் போர்ச் செலவுக்கு நன்கொடையாக அளித்தது. அன்றைய மாற்று விகிதத்தில் இது 150 கோடி ரூபாய். இந்தியாவின் அக்கால ஆண்டு வருவாயோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய தொகையாகும். இதற்காகப் போர்க் கடன் திரட்டப்பட்டது. பருத்தித் துணி மீதான இறக்குமதி வரி 3.5 விழுக்காட்டில் இருந்து 7.5 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. இலங்காசயர் ஆலை முதலாளிகள் இந்த வரியைக் கடுமையாக எதிர்த்தனர். நன்கொடையை வரவேற்றவர்களுக்கு அதை ஈட்டும் வழி கசந்தது வியப்புக்குரியது. சென்னை மாகாணத்தில் திரட்டப்பட்ட போர் நிதியைக் கொண்டு 'மெட்ராஸ்' என்னும் மருத்துவமனைக் கப்பலும் இயக்கப்பட்டது.

போருக்குப் பின், பிரித்தானியச் சிப்பாய்களுக்குத் தாய்நாட்டில் ஆகும் பயிற்சிச் செலவை இந்தியாவிடம் வாங்குவது பற்றி நெடுநாள் தகராறு நிலவியது. ஆஸ்திரேலியரான ராபர்ட் காரன் தலைமையிலான தீர்ப்பாயத்தின் பரிந்துரைக்குப் பிறகு, 1933 முதல் பிரித்தானியா ஆண்டுக்கு 15 இலட்சம் பவுண்டுகளை இந்தியப் பாதுகாப்புச் செலவுக்கு அளித்து வந்தது. இத்தொகை பின்னர் 20 இலட்சம் பவுண்டாக உயர்த்தப்பட்டது.

சாட்பீல்டு குழு

1938 ஆம் ஆண்டில் இந்தியப் படையின் கருவிகள் பெரிதும் பழையனவாக இருந்தன. இவற்றைப் புதுப்பிப்பது குறித்து ஆராயக் கடற்படைத் தளபதி சாட்பீல்டு பிரபுவின் தலைமையில் ஒரு குழு இந்தியா வந்தது. இதன் பரிந்துரைகளை ஏற்றுப் பிரித்தானிய அரசு 1939 செப்டம்பரில் ஒரு திட்டத்தை அறிவித்தது. அதன்படி ஏறத்தாழ 45 கோடி ரூபாய் மூலதனச் செலவில் முக்கால் பங்கு நன்கொடை. எஞ்சிய கால் பங்கு கடன், அதற்கு முதல் ஐந்தாண்டுகளுக்கு வட்டி இல்லை. படைக்கலத் தொழிற்சாலைகளை விரிவாக்குவதும் திட்டத்தில் அடங்கியிருந்தது.

இந்தியாவின் பாதுகாப்பு வடமேற்கு எல்லையோடு முடிவதன்று. எகிப்திலும் சிங்கப்பூரிலும் தொடங்குகிறது என்பது இக்குழுவின் கருத்து. இக்கருத்தை ஏற்றால், இந்தியாவுக்கு வெளியே நடக்கும் போரின் செலவில் ஒரு பங்கு இந்தியாவின் மேல் வருவதைத் தவிர்க்க முடியாது. திட்டம் அறிவிக்கப்பட்ட மாதத்திலேயே போர் தொடங்கி விட்டதால், இதன் கணக்குகள் விரைவில் பொருத்தமற்றவையாகி, புதிய ஏற்பாடு தேவைப்பட்டது.

ஒப்பந்தத்தின் விதிகள்

1939 நவம்பர் ஏற்பாட்டின்படி இந்திய அரசு ஏற்க வேண்டிய செலவுகள் நான்கு. முதலாவது, அமைதிக் காலத்தில் படைக்கு ஆகும் வழக்கமான செலவாகக் கணக்கிடப்பட்ட 36.77 கோடி ரூபாய். இரண்டாவது, விலை உயர்வால் அத்தொகையில் ஏற்படும் மாற்றம். மூன்றாவது, இந்தியாவின் நலனுக்காக மட்டும் மேற்கொள்ளப்படும் போர் நடவடிக்கைகளின் செலவு. நான்காவது, வெளிநாட்டில் இருக்கும் இந்தியாவின் புறப்பாதுகாப்புப் படைகளுக்கான கூடுதல் செலவுக்கு ஒரே தடவையாக 1 கோடி ரூபாய். இந்திய அரசின் கணக்கில் வரும் பாதுகாப்புச் செலவில் இவற்றுக்கு மேற்பட்டது முழுவதையும் பிரித்தானியா திருப்பித் தரும்.

ஒரு படைப்பிரிவை இந்தியாவில் திரட்டிப் பயிற்றுவித்து வைத்திருக்கும் வரை செலவு இந்தியாவுடையது. அது கப்பல் ஏறி வெளிநாடு சென்றால், அதைத் திரட்டவும் பயிற்றுவிக்கவும் ஆயுதம் தரவும் ஆன செலவு பிரித்தானியாவிடம் இருந்து பெறப்படும் என்பது நடைமுறை. போர் ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் நடந்தவரை இந்தக் கோடு தெளிவாக இருந்தது. 1942 ஆம் ஆண்டில் யப்பானியர் பருமாவைப் பிடித்ததும் கோடு மங்கியது. ஏப்ரல் 5 இல் கொழும்பும், 6 இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 இல் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. பருமா எல்லையில் நிற்கும் படை எந்தக் கணக்கில் சேரும் என்ற கேள்வி எழுந்தது. அதனால் 1942 க்குப் பின் இந்தியாவின் பங்கும் விரைந்து உயர்ந்தது.

1939 இல் சுமார் 2 இலட்சமாக இருந்த இந்தியப் படை 1945 இல் ஏறத்தாழ 25 இலட்சமாகப் பெருகியது. இதில் கட்டாய ஆட்சேர்ப்பு இல்லை.

பணம் கைமாறிய முறை

ஒப்பந்தத்தின் உண்மையான விளைவை அறிய, பணம் சென்ற வழியைப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, எகிப்தில் போரிடும் படைக்குக் காலணி தேவை என்று கொள்வோம். இந்திய அரசு அதனை இந்தியாவில் கொள்முதல் செய்து, விற்றவருக்கு ரூபாயில் பணம் கொடுத்து விடும். பின்னர் பிரித்தானிய அரசின் பேரில் பற்றெழுதும். பிரித்தானிய அரசு அதற்குரிய பவுண்டுகளை இங்கிலாந்து வங்கியில் உள்ள இந்திய ரிசர்வ் வங்கியின் கணக்கில் வரவு வைக்கும். ரிசர்வ் வங்கி அப்பவுண்டுகளைக் கொண்டு பிரித்தானியக் கருவூல உண்டியல்களை வாங்கும். அதாவது வந்த பணம் மீண்டும் பிரித்தானிய அரசிடமே கடனாகச் சென்று சேரும். இந்த உண்டியல்களுக்குக் கிடைத்த வட்டி ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டை ஒட்டியே இருந்தது.

இங்கே இந்திய அரசுக்குக் காலணி விற்றவருக்குக் கொடுக்க ரூபாய் தேவை. 1934 ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம், வெளியிடும் நோட்டுகளுக்கு ஈடாகப் பொன்னுடன் ஸ்டெர்லிங் பத்திரங்களையும் வைத்துக் கொள்ள இடம் தந்திருந்தது. எனவே இலண்டனில் பத்திரம் சேரச் சேர, இந்தியாவில் நோட்டு அச்சடிப்பதற்குச் சட்டத் தடை ஏதும் இல்லை. மாற்று விகிதம் ஒரு ரூபாய்க்கு 1 சில்லிங் 6 பென்சு, அதாவது ஒரு பவுண்டுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பை என நிலையாக இருந்தது. 1939 ஆகத்தில் ஏறத்தாழ 180 கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம் போரின் முடிவில் ஆறு மடங்குக்கும் மேலாயிற்று. பொருள் வெளியே சென்றது. அதற்கு ஈடான பணம் மட்டும் உள்ளே பெருகியது.

இதன் அடையாளங்களைச் சாதாரண மக்களும் கையில் பார்த்தனர். வெள்ளி ரூபாயை மக்கள் பதுக்கத் தொடங்கியதால் 1940 இல் ஒரு ரூபாய் நோட்டு மீண்டும் வந்தது. 1943 இல் இரண்டு ரூபாய் நோட்டு வெளியானது. அதே ஆண்டில், செம்பை மிச்சப்படுத்த நடுவில் துளையிட்ட காலணா அச்சிடப்பட்டது. தமிழ்நாட்டில் 'ஓட்டைக் காலணா' என்று பெயர் பெற்ற இந்நாணயத்தை முதியோர் சிலர் இன்றும் நினைவில் வைத்துள்ளனர்.

போர்க் கொள்முதல் மட்டுமே இருப்பைப் பெருக்கவில்லை. ஏற்றுமதி மிகுந்து, இறக்குமதி குறைந்ததும் ஒரு காரணம். கப்பல் இடமும் இயந்திரங்களும் கிடைக்காததால் இந்தியா விரும்பினாலும் பவுண்டுகளைச் செலவிட முடியவில்லை. சேர்ந்த தொகையின் ஒரு பகுதியைக் கொண்டு, இந்திய அரசு இலண்டனில் வாங்கியிருந்த பழைய ஸ்டெர்லிங் கடன்கள் பெரும்பாலும் அடைக்கப்பட்டன. தொடருந்து நிறுவனங்களும் அரசுடைமையாயின. தென்னிந்திய இரயில்வே, சென்னை தென் மராட்டா இரயில்வே ஆகிய இரண்டும் 1944 ஏப்ரல் 1 இல் அரசின் கைக்கு வந்தன.

நீலகிரியும் ஜெகதளாவும்

நீலகிரி மாவட்டத்தில் குன்னூருக்கு அருகில் உள்ள ஜெகதளா, படகர் வாழும் ஊர்களுள் ஒன்று. இன்று ஒரு பேரூராட்சி. இவ்வூருக்கும் பிரித்தானியப் படைச் செலவுக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 1852 ஆம் ஆண்டில் இவ்வூரை அடுத்துக் கட்டத் தொடங்கிய படைக் குடியிருப்பு முதலில் ஊரின் பெயரால் 'ஜக்கதல்லா' என்றே அழைக்கப்பட்டது. 1860 இல் சென்னை ஆளுநர் சார்லசு டிரெவெல்யன் காலத்தில் அதற்கு வெலிங்டன் என்று பெயரிடப்பட்டது. ஊரின் பெயர் ஊருக்கே திரும்பி வந்தது. பாளையம் மட்டும் ஒரு பிரபுவின் பெயரோடு நிலைத்தது.

ஜெகதளாவை அடுத்த அருவங்காட்டில் 1903-04 இல் கார்டைட் தொழிற்சாலை நிறுவப்பட்டது. கார்டைட் என்பது நைட்ரோகிளிசரினையும் துப்பாக்கிப் பஞ்சு எனப்படும் நைட்ரோசெல்லுலோசையும் கலந்து, கனிமக் களிம்பு சேர்த்து, அசிட்டோனால் பதப்படுத்திக் கயிறு போல இழுக்கப்படும் புகை குறைந்த உந்துமருந்து ஆகும். துப்பாக்கித் தோட்டாவையும் பீரங்கிக் குண்டையும் குழலில் இருந்து வெளியே தள்ளுவது இதுவே. காட்டேரி அருவியில் அமைந்த நீர்மின் நிலையம் இத்தொழிற்சாலைக்கு மின்சாரம் அளித்தது. தென்னிந்தியாவின் தொடக்க கால நீர்மின் நிலையங்களுள் அதுவும் ஒன்று. 1908 இல் மலைத் தொடருந்துப் பாதை குன்னூரில் இருந்து உதகமண்டலம் வரை நீட்டிக்கப்பட்டபோது, அது அருவங்காடு வழியாகச் சென்றது.

இரு உலகப் போர்களிலும் அருவங்காடு இந்தியப் படைக்கு உந்துமருந்து வழங்கியது. பாதுகாப்புச் செலவு ஒப்பந்தத்தின் கணக்கு முறை இத்தகைய தொழிற்சாலையில் எவ்வாறு செயற்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. ஒரே கூடத்தில் செய்த ஒரே வகை மருந்து, பயிற்சித் திடலில் வெடித்தால் இந்தியாவின் செலவு. லிபியப் பாலைவனத்தில் வெடித்தால் பிரித்தானியாவின் செலவு. ஆனால் இரண்டு வகையிலும் தொழிலாளிக்குக் கூலி ரூபாயில் இங்கே கொடுக்கப்பட்டாக வேண்டும். அவர் அந்த ரூபாயுடன் குன்னூர்ச் சந்தையில் நிற்கும்போது அரிசியின் அளவு கூடியிருக்கவில்லை.

நீலகிரியின் தேயிலையும் இந்தக் கணக்கின் ஒரு பகுதியாயிற்று. 1940 முதல் பிரித்தானிய உணவு அமைச்சகம் இந்திய ஏற்றுமதித் தேயிலையை மொத்தமாகக் கொள்முதல் செய்தது. விற்ற விலையும் பவுண்டுகளாக இலண்டனில் சேர்ந்தது. 1942 இல் சாவகம் யப்பானியர் வசமானதும் உலகின் கொயினா மருந்து வரத்து பெரும்பாலும் நின்று போனது. அப்போது நடுவட்டத்தில் உள்ள சென்னை அரசின் சிங்கோனாத் தோட்டங்களும் மருந்துச் சாலையும் முக்கியத்துவம் பெற்றன. பருமாக் காடுகளில் போரிட்ட படையினருக்கு மலேரியா பகைவரின் குண்டுக்குக் குறையாத ஆபத்தாக இருந்தது.

செலவுச் சுருக்கத்துக்காக முதல் போருக்குப் பின் கலைக்கப்பட்ட மதராஸ் படைப்பிரிவு இரண்டாம் போரில் மீண்டும் எழுப்பப்பட்டது. இப்பிரிவின் பயிற்சி மையம் 1947 இல் வெலிங்டனுக்கு வந்தது. பிரிவினையின்போது குவெட்டா பாகிஸ்தானுக்குச் சென்றதால், பாதுகாப்புப் பணிகள் அலுவலர் கல்லூரியும் வெலிங்டனில் அமைந்தது. அருவங்காடு தொழிற்சாலை 2021 அக்டோபர் 1 இல் படைக்கலத் தொழிற்சாலைகள் வாரியம் கலைக்கப்பட்ட பின், பொதுத்துறை நிறுவனமான முனிசன்ஸ் இந்தியா லிமிடெட்டின் கீழ் வந்தது.

சட்டமன்றத்தில் எதிர்ப்பு

இந்தியரைக் கலந்து பேசாமல் இந்தியாவைப் போரில் ஈடுபடுத்தியதை எதிர்த்துக் காங்கிரசு மாகாண அமைச்சரவைகள் 1939 இறுதியில் பதவி விலகின. சென்னையில் இராசகோபாலாச்சாரியின் அமைச்சரவையும் இவற்றுள் ஒன்று. நாசிசத்தை எதிர்ப்பதில் காங்கிரசுக் கட்சியில் பெரும்பாலோருக்குக் கருத்து வேறுபாடு இல்லை. விடுதலை இல்லாத ஒரு நாடு பிறர் விடுதலைக்காக எப்படிப் பணம் கொடுக்கும் என்பதே அவர்களின் கேள்வி.

1940 நவம்பரில் போர்ச் செலவுக்காகக் கூடுதல் வரி விதிக்கும் நிதி மசோதா மத்திய சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. புலாபாய் தேசாய் தலைமையிலான காங்கிரசு உறுப்பினர்கள் அவைக்குத் திரும்பி வந்து எதிர்த்து வாக்களித்தனர். மசோதா சிறு வேறுபாட்டில் தோற்றது. வைசிராய் தம் சிறப்பு அதிகாரத்தால் சான்றளித்து அதனை நிறைவேற்றினார்.

விலைவாசியும் பஞ்சமும்

போர்க் காலத்தில் மொத்த விலைகள் இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தன. உணவுப் பொருள் விலை சில இடங்களில் இதனினும் பன்மடங்கு ஏறியது. பம்பாயைச் சேர்ந்த பொருளியலாளர் சி. என். வக்கீல் 1943 இல் வெளியிட்ட நூலில், ஸ்டெர்லிங்கை ஈடாக வைத்து நோட்டு அச்சிடுவதே இதற்கு முதற்காரணம் என வாதிட்டார். அரசு தொடக்கத்தில் பணவீக்கம் இருப்பதையே ஒப்புக் கொள்ளவில்லை. 1943 க்குப் பின் வரி உயர்வு, சிறுசேமிப்பு, பொன் விற்பனை ஆகிய வழிகளில் பணத்தை உறிஞ்ச முயன்றது.

1942 இல் பருமா அரிசி வரவு நின்றது. சென்னை மாகாணத்திலும் கேரளப் பகுதிகளிலும் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. பங்கீட்டு முறை வந்தது. வங்காளத்தில் 1943 இல் பெரும் பஞ்சம் தலைவிரித்தாடியது. அரசின் விசாரணை ஆணையம் இறந்தோர் எண்ணிக்கையைச் சுமார் 15 இலட்சம் என மதிப்பிட்டது. பிற்கால ஆய்வாளர்கள் 20 முதல் 30 இலட்சம் வரை கூறுகின்றனர். பஞ்சத்துக்குப் புயல், பயிர் நோய், படகுப் பறிமுதல், பதுக்கல், நிருவாகச் சீர்கேடு எனப் பல காரணங்கள் உண்டு. பாதுகாப்புச் செலவு ஒப்பந்தமே பஞ்சத்தை உண்டாக்கியது என்று கூற இயலாது. எனினும் கையில் புதுப்பணம் கிடைத்தவர்கள் அரிசியை வாங்கினர், கிடைக்காத நிலமற்ற கூலிகளும் மீனவர்களும் பட்டினியால் இறந்தனர் என்பதில் ஐயமில்லை. இவ்வகையில் போர்ச் செலவின் ஒரு பகுதி எந்தக் கணக்கேட்டிலும் எழுதப்படாமல், வரி கட்டும் நிலையில்கூட இல்லாத மக்களிடம் இருந்து பெறப்பட்டது.

கடன்-குத்தகைத் திட்டத்துடன் ஒப்பீடு

அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1941 மார்ச் 11 இல் கடன்-குத்தகைச் சட்டத்தை இயற்றித் தன் நேச நாடுகளுக்கு ஆயுதமும் உணவும் அனுப்பியது. அதன் கீழ் இந்தியாவுக்கும் பொருட்கள் வந்தன. மறுபுறம் இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படைகளுக்கு இந்திய அரசு உணவும் எரிபொருளும் விமானத் தளங்களும் அளித்தது. 1946 மே மாத உடன்பாட்டின்படி இரு தரப்புக் கணக்குகளும் ஒன்றுக்கொன்று சரியாகத் தீர்க்கப்பட்டன. விதிவிலக்கு வெள்ளி மட்டுமே. நாணயத்துக்காக அமெரிக்கா அளித்த ஏறத்தாழ 22.6 கோடி அவுன்சு வெள்ளியை இந்தியாவும் பாகிஸ்தானும் பங்கிட்டுத் திருப்பித் தர வேண்டியிருந்தது. இந்தியா தன் பங்கை 1957 இல் செலுத்தியது.

கடன்-குத்தகைத் திட்டத்தில் கொடுத்த நாடு உலகிலேயே செல்வம் மிகுந்தது. கொடுப்பதை அதன் மக்களவை வாக்களித்து முடிவு செய்தது. இந்தியாவின் நிலை இரண்டிலும் நேர்மாறானது. 2022 மே மாதம் அமெரிக்கா உக்ரைனுக்காக இதே பெயரில் ஒரு சட்டம் இயற்றியதும், அது பயன்படுத்தப்படாமலேயே 2023 இல் காலாவதியானதும் இங்கு ஒப்பிட்டு நோக்கத்தக்கன. அந்நாட்டுக்கு உதவி பெரும்பாலும் நேரடி மானியமாகவே சென்றது.

இருப்பு குறித்த வாதங்கள்

இருப்பு பெருகப் பெருக, இலண்டனில் எதிர்ப்பு எழுந்தது. பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில், இந்தியாவைக் காப்பதற்காகப் போரிடும் பிரித்தானியா இந்தியாவுக்கே கடன்படுவதை ஏற்க மறுத்தார். போர் முடிந்த பின் எதிர்க்கோரிக்கை ஒன்றை முன்வைக்கும் உரிமை தமக்கு வேண்டும் என அமைச்சரவையில் வலியுறுத்தினார். இந்திய விவகாரச் செயலாளர் லியோ அமெரியும் வைசிராய் லின்லித்கோவும் இதற்கு உடன்படவில்லை. ஒப்பந்தத்தை மாற்றினால் இந்தியாவில் இருந்து பொருள் கிடைப்பதே நின்றுவிடும் என்பது அவர்கள் வாதம். முடிவில் ஒப்பந்தம் மாறாமல் தொடர்ந்தது.

1944 சூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வூட்சில் நடைபெற்ற மாநாட்டில் இந்தியத் தூதுக்குழு இப்பிரச்சினையை எழுப்பியது. ஜெரமி ரெய்ஸ்மன் தலைமையிலான குழுவில் சி. டி. தேஷ்முக், ஏ. டி. ஷ்ராப், கோவையைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியார் ஆகியோர் இடம்பெற்றனர். போர்க்கால இருப்பில் ஒரு பகுதியையேனும் பிற நாட்டு நாணயங்களாக மாற்றப் புதிய பன்னாட்டு நாணய நிதியம் உதவ வேண்டும் என ஷ்ராப் கேட்டார். வங்கியில் பத்து இலட்சம் டாலர் வைத்துக் கொண்டு வாடகை வண்டிக்குக் கொடுக்கக் காசில்லாமல் நிற்பவனின் நிலையில் இந்தியா இருப்பதாக அவர் கூறினார். பிரித்தானியாவின் சார்பில் பேசிய ஜான் மேனார்ட் கெயின்சு, பொருள் தந்து உதவிய நாடுகளுக்கு நன்றி கூறினார். ஆனால் இது தொடர்புடைய நாடுகள் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டியது என்றார். இந்தியாவின் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

1945 டிசம்பரில் அமெரிக்கா பிரித்தானியாவுக்கு 375 கோடி டாலர் கடன் அளித்தது. ஸ்டெர்லிங் இருப்பு வைத்துள்ள நாடுகளுடன் பிரித்தானியா உடன்பாடு காண வேண்டும் என்பதும், இருப்பில் ஒரு பகுதி தள்ளுபடி ஆகலாம் என்பதும் அக்கடன் ஒப்பந்தத்தில் இடம்பெற்றன. இந்தியாவில் எல்லாக் கட்சிகளும் தள்ளுபடியை எதிர்த்தன.

1947-48 தீர்வு

விடுதலைக்கு முதல் நாளான 1947 ஆகத்து 14 இல் இடைக்கால உடன்பாடு ஒன்று கையெழுத்தானது. அப்போது எஞ்சியிருந்த ஏறத்தாழ 116 கோடி பவுண்டுகள் இரு கணக்குகளாகப் பிரிக்கப்பட்டன. முதல் கணக்கில் உள்ளதை இந்தியா செலவிடலாம். இரண்டாம் கணக்கு முடக்கப்பட்டது. முதல் கணக்குக்கு விடப்பட்டது 6.5 கோடி பவுண்டு மட்டுமே.

விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சரான சண்முகம் செட்டியார் 1948 கோடையில் இலண்டன் சென்று பேச்சு நடத்தினார். போரின்போது வாஷிங்டனில் இந்தியக் கொள்முதல் குழுவுக்குத் தலைமை வகித்தவர் என்பதால், கடன்-குத்தகைக் கணக்கையும் ஸ்டெர்லிங் கணக்கையும் நேரில் அறிந்தவர் அவர். (சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதியவரும் இவரே.) சூலையில் எட்டப்பட்ட உடன்பாட்டில் பிரித்தானியா விட்டுச் சென்ற படைக் கிடங்குகளுக்கும் தளவாடங்களுக்கும் விலையாக 10 கோடி பவுண்டு கழிக்கப்பட்டது. ஓய்வுபெற்ற பிரித்தானிய அலுவலர்களின் ஓய்வூதியத்துக்காக 16.8 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. அடுத்த மூன்றாண்டுகளுக்கு மேலும் 8 கோடி பவுண்டு விடுவிக்க இசைவு கிடைத்தது. இருப்பில் எதுவும் வெளிப்படையாகத் தள்ளுபடி செய்யப்படவில்லை. இதனை இந்தியத் தரப்பின் வெற்றியாகக் கருதலாம். எனினும் போருக்காகப் பொருள் கொடுத்துச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதி, போர் முடிந்த பின் எஞ்சிய தளவாடங்களை வாங்கவும் ஆட்சி செய்தவர்களின் ஓய்வூதியத்துக்கும் சென்றது. சண்முகம் செட்டியார் 1948 ஆகத்தில் பதவி விலகினார். இவ்விலகலுக்கும் உடன்பாட்டுக்கும் தொடர்பு இல்லை.

செலவழிந்த விதம்

1949 செப்டம்பரில் பவுண்டின் டாலர் மதிப்பு 4.03 இல் இருந்து 2.80 ஆகக் குறைக்கப்பட்டது. ரூபாயும் அதே அளவில் குறைக்கப்பட்டதால் ரூபாய்க் கணக்கில் இருப்பு மாறவில்லை. ஆனால் அமெரிக்காவில் இயந்திரமோ கோதுமையோ வாங்க நினைத்தால், ஒரே நாளில் அதன் மதிப்பு 30.5 விழுக்காடு சரிந்து விட்டது. போர்க் காலத்தில் மலிவான விலைக்குக் கொடுத்த பொருளுக்கு ஈடாக, போருக்குப் பிந்தைய ஏறிய விலையில் வாங்க வேண்டியிருந்ததும் இன்னோர் இழப்பாகும்.

எஞ்சிய இருப்பு 1950களில் உணவு இறக்குமதிக்கும் ஐந்தாண்டுத் திட்டங்களுக்கும் பயன்பட்டது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் 1956 இல் தொடங்கியதும் எஃகு ஆலைகளுக்கும் இயந்திரங்களுக்குமான இறக்குமதி பெருகி, இருப்பு வேகமாகக் கரைந்தது. டி. டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்த 1957 இல் அன்னியச் செலாவணி நெருக்கடி வெளிப்பட்டது. 1958 ஆகத்தில் உலக வங்கியின் முன்முயற்சியில் இந்திய உதவிக் கூட்டமைப்பு உருவாயிற்று. பிரித்தானியாவும் அதில் கடன் வழங்கும் நாடுகளுள் ஒன்றாக இருந்தது. பிரித்தானியா 1945 இல் அமெரிக்காவிடம் வாங்கிய கடனின் கடைசித் தவணையை 2006 டிசம்பரில் செலுத்தியது.